பின்வாசல் வெயில்

பிப்ரவரி 3, இரவு

அடி கொக்கு,

நலமா என்று கேட்டால், "உன் கடுதாசி வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை. இங்கே உருண்டைக்கு மேல்பல் முளைக்கிறது. கையில் எது அகப்பட்டாலும் கடி. நேற்று அவள் அப்பா காதையே கடித்துவிட்டாள். அச்சகம் மூடியதிலிருந்து இவர்தான் வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்கிறார் என்பதால் கடிபடும் முறையும் இவருடையதே. சிரிக்காதே.

போனில் பேசாமல் இதென்ன விடுதிப் பெண்கள் மாதிரி கடிதம் என்று கேட்டிருந்தாய். பட்டறைக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டில் பேசினால் குழந்தை எழுந்துவிடுவாள். உண்மையான காரணம், இவர் காதில் விழும்படி என்னால் பயப்பட முடியாது. காகிதத்தில் என்றால் சத்தம் வராமல் பயப்படலாம். உன் யூனிட்டுக்கும் என் யூனிட்டுக்கும் தினம் மாதிரித் துணிகளை ஏற்றிப்போகிற வேன் அண்ணனும் தபால்காரர் வேலைக்குச் சலித்துக்கொள்வதில்லை.

நீலத்துக்கு நீ எழுதிய சிட்டிகை பலித்தது. "சூட்டை மெதுவா ஏத்து, அவ கோபக்காரி" என்றாயே, அப்படியே செய்தேன், திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் அழகாக வந்தாள். செய்முறைத் தாளில் இல்லாத இந்தச் சின்ன விஷயங்களை, நம் சிட்டிகைகளை, நாம் ஒருத்திக்கொருத்தி எழுதிக்கொள்வதில்தான் ரெண்டு சாயப்பட்டறையும் ஓடுகிறது என்று கம்பெனிக்குத் தெரிந்தால் நமக்குச் சிலை வைப்பார்கள். அல்லது ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ரெண்டாவதுதான் நடக்கும்போல. கேள்விப்பட்டாயா? ரெண்டு யூனிட்டுக்கும் நிறம் கூட்டிப் பார்க்க இனி ஒரே லேப் போதுமாம். மற்ற பிரிவுகளிலும் ஆள் குறைப்பார்களாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நீ வந்து பார்க்கணும் இங்கே. யாரும் இப்போது சும்மா நடப்பதில்லை. கையில் ஒரு காகிதத்தோடுதான் நடக்கிறார்கள், கழிவறைக்குப் போகும்போதுகூட. உலர்த்துகிற மாமா, வாயைத் திறந்தால் மூடாத மனுஷன், குட்மார்னிங்கோடு நிறுத்திக்கொள்கிறார். மடிப்பு அக்கா காய்ச்சலோடு வந்து துணி மூட்டையில் சாய்ந்து நிற்கிறாள். "வீட்டுக்குப் போங்கக்கா" என்றால், "போனா, நான் இல்லாமயே வேலை ஓடும்னு தெரிஞ்சிடுமேடி" என்கிறாள். யாரும் யாரிடமும் சந்தேகம் கேட்பதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே.

மேனேஜர் தராசு (பேர் வைத்தவள் நீ, இப்போது பட்டறை முழுக்க அதுதான்) தன் மேசையை இழுத்துப் பின்வாசல் வழியில் போட்டுக்கொண்டிருக்கிறார். துணியின் நிறத்தை வெயிலில் பார்ப்பதற்கு அந்த வழியாகத்தானே போவேன்? இப்போது எழுந்தாலே தலையைத் தூக்கி எடை போடுகிறார். அதனால் லேப்பில் நிறம் ஒப்பிடுகிற விளக்குப் பெட்டியிலேயே பார்த்து முடித்துக்கொள்கிறேன். அந்தப் பெட்டியின் குழல்விளக்கும் கிழடாகி மஞ்சளடிக்கிறது. உள்ளே கையை வைத்தால் காமாலை வந்தவள் கை மாதிரி இருக்கிறது. புதுசு கேட்டு எழுதணும். ஆனால் பிரசவ லீவு முடிந்து வந்ததும் வராததுமாகச் செலவு வைக்கிறாளே என்பார்கள். கிடக்கட்டும்.

உங்கள் பக்கம் என்ன பேச்சு? உடனே எழுது.

உன்
வாத்து


பிப்ரவரி 5

வாத்து அம்மையாருக்கு,

உருண்டைக்கு என் முத்தம். அவள் அப்பா காதுக்கு என் அனுதாபம்.

இங்கேயும் அதே கூத்துதான். எங்கள் ஸ்டோர்காரர் சாய டப்பாக்களின் லேபிளையெல்லாம் கிழித்துவிட்டு, தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார். "என்ன அனுப்பிட்டு அப்புறம் செவப்பத் தேடட்டும் பாப்போம்" என்று சவால். நேற்று சிவப்பு கேட்டதற்கு அவரே ஆரஞ்சை எடுத்துக் கொடுத்துவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழித்தார் பார், பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

நீ சுற்றிச் சுற்றி எழுதி ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். ஒரு லேப் என்றால் ஒரு ஆள். நீ, இல்லாவிட்டால் நான். நாமே வாயைவிட்டுச் சொல்லிக்கொண்டால் பேய் பாதி இறங்கிவிடும். உனக்குப் புருஷன், பிள்ளை. எனக்கு அண்ணன் வீட்டு மாடி அறை. வேலை போனால் அண்ணி முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். அதுவும் ஒரு வேலைதான், சம்பளமில்லாத வேலை. ஆக, ரெண்டு பேருக்கும் வேணும். பொய் சொல்லி விட்டுக்கொடுக்க மாட்டேன், நீயும் விட்டுக்கொடுக்காதே. ஒன்றே ஒன்று: யார் இருந்தாலும் யார் போனாலும் சிட்டிகை நிற்கக் கூடாது.

இப்போது வேலைக்கு வா. ஆஸ்பத்திரிச் சீருடை ஆர்டர், சாம்பல் நீலம். சட்டைத் துணி இங்கே, கால்சட்டைத் துணி உன்னிடம். செய்முறையும் அவர்கள் கொடுத்த மாதிரித் துண்டும் இத்துடன். சிட்டிகை: இந்த நிறம் பச்சோந்தி. விளக்குக்கு விளக்கு முகம் மாறும். வெயிலில் வைத்துப் பார்க்காமல் சரி என்று எழுதாதே. தராசு முறைத்தால் முறைக்கட்டும். அந்தக் குழல்விளக்கையும் மாற்றித் தொலை.

அன்புடன் அதட்டும்
கொக்கு


பிப்ரவரி 11, இரவு

அன்புள்ள கொக்கு,

நீ இப்படிப் பளிச்சென்று எழுதினதைப் படித்ததும் அழுதுவிட்டேன். அழுதபிறகு கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம்தான்.

உருண்டைக்குக் காய்ச்சல். முந்தாநாள் காலையில் உடம்பு அனலாய்க் கொதிக்க, இவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். லீவு கேட்கலாம் என்று தராசின் மேசை வரை போய், "சார், நேத்து ரிப்போர்ட் பாத்தீங்களா" என்று வேறெதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். நாள் முழுக்க எடைபோட்டதையே திரும்பத் திரும்ப எடைபோட்டேன். மூடிய டப்பாவைத் திறந்து, மூடியிருக்கிறேனா என்று பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் அப்பா தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். என்னைப் பார்த்து இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இன்று ஜுரம் இறங்கிவிட்டது. பயப்படாதே.

கால்சட்டைத் துணி முடிந்தது. பார்த்துவிட்டேன், மாதிரித் துண்டோடு அச்சு அசல். தராசே வந்து பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து, "பரவாயில்லையே, சீக்கிரமா முடிச்சிட்டியே" என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் நமக்கெல்லாம் பரிசு மாதிரி. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தேன்.

நீ தூங்குகிறாயா? எனக்குக் கண்ணை மூடினால் கேட்டில் என் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

உன்
வாத்து


பிப்ரவரி 24

வாத்து,

குழந்தை எப்படி இருக்கிறாள்?

சீருடைத் துணி திரும்பி வந்துவிட்டது, தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் ஒரு ஜோடி தைத்து, முற்றத்தில் ஒருத்தருக்குப் போட்டுப் பார்த்தார்களாம். சட்டை ஒரு நிறம், கால்சட்டை ஒரு நிறம். "ரெண்டு ஆளை இடுப்போடு வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு" என்றார்களாம்.

தராசு இங்கே போன் பண்ணினார். "நம்ம பெட்டியில வச்சுப் பாத்தாச்சும்மா. கால்சட்டை சரியா இருக்கு. உங்க சட்டைதான் தப்பு" என்றார். நான் சட்டைத் துணியைப் பெட்டியிலும் பார்த்தேன், மொட்டைமாடி வெயிலிலும் பார்த்தேன். அது தப்பில்லை. சொன்னால் நம்பவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் விளக்கம் கேட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அதை வெயிலில் பார்த்தாயா? குழல்விளக்கை மாற்றினாயா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

கொக்கு


பிப்ரவரி 26, இரவு

அன்புள்ள கொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உருண்டைக்கு உடம்பு தேவலை. ரெண்டு பல்லும் முழுசாக வெளியே வந்துவிட்டன, சிரித்தால் முயல் மாதிரி இருக்கிறாள். நீ ஒருநாள் வந்து பார்க்கணும். இவர் ஒரு கடையில் வேலை கேட்டுப் போயிருந்தார், சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். வந்ததிலிருந்து எண்ணெய் போடாத கதவு மாதிரி முனகிக்கொண்டிருக்கிறார். மடிப்பு அக்காவுக்குக் காய்ச்சல் விட்டு இருமல் பிடித்திருக்கிறது. எனக்கும் தலைவலி.

சீருடை விஷயம் கேட்டு மனசே சரியில்லை. உனக்குப் போய் இப்படியா என்று இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது சொல். ஒருவேளை உன் செய்முறையிலேயே சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்குமோ? தப்பாக எடுத்துக்கொள்ளாதே, யாருக்கும் வரக்கூடியதுதான். விளக்கத்தில் பணிவாக எழுது, தராசுக்குப் பணிவு பிடிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாத்து


பிப்ரவரி 28

கீழ் யூனிட் லேப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்டிருந்த பழுப்பு நிறத்துக்கான செய்முறைத் தாள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மேல் யூனிட் லேப்


மார்ச் 4, இரவு

கொக்கு,

அப்படிக் கூப்பிட விடுவாயா தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன்.

உன் "தாங்கள்" வந்த அன்று செய்முறைத் தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்பக்கமும் பார்த்தேன். ஒன்றுமில்லை. வேன் அண்ணன்கூடக் கேட்டார், "என்னம்மா, இந்தத் தடவ கடுதாசி மெலிஞ்சுபோச்சு?"  பழுப்பைத் தாளில் இருந்தபடியே போட்டேன். பழுப்பாக வந்தது, அவ்வளவுதான்.

இன்று காலை தராசு கூப்பிட்டார். உன் சட்டைத் துணி முழுவதையும் இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். "இத உன்னோட கால்சட்டை நிறத்துக்குக் கொண்டா. மறுசாயம் போட்டுடு. மேல் யூனிட்டுக்காரிய நான் பாத்துக்கறேன்" என்றார். அதாவது உன் சரியான துணியை எடுத்து என் தப்பான துணிக்குப் பொருந்துகிற மாதிரி நான் கெடுக்க வேண்டும். கெடுத்தால் எனக்கு வேலை.

லேப்புக்கு வந்தேன். சிவப்பை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தேன். முள் ஆடியது. நிற்கவே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. பிறகு உன் துணியில் ஒரு துண்டு, என் துணியில் ஒரு துண்டு, ஆஸ்பத்திரி மாதிரி, மூன்றையும் சுருட்டிக்கொண்டு தராசின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க."

"எதுக்கு?"

"வெயில்ல ஒண்ணு காட்டணும் சார்."

வந்தார். பின்வாசல் கதவைத் திறந்ததும் கண் கூசியது. எத்தனை நாளாயிற்று. மூன்றையும் கைப்பிடிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். உன்னுடையதும் மாதிரியும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி இருந்தன. என்னுடையது கத்தரிப்பூ மாதிரி ஊதாவாகத் தனியாக முழித்தது. கொக்கு, எனக்கு அது முன்னாலேயே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணால் பார்ப்பது வேறு.

"பெட்டி விளக்கு கெட்டுப்போச்சு சார். அதுல பாத்துட்டு நான்தான் சரின்னு எழுதினேன். வெயில்ல பாக்கல. பாத்துடுன்னு அவ எழுதியிருந்தா. நான் பாக்கல."

அவர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். உலர்த்துகிற மாமாவுக்கு வாய் நிற்கவில்லை. "அது காயப்போட்ட அன்னிக்கே தெரிஞ்சுது சார். ஜன்னல் வெளிச்சம் விழுந்துச்சு, ஊதாவா இருந்துச்சு." மடிப்பு அக்கா இருமிக்கொண்டே, "எனக்கும் தெரிஞ்சுது" என்றாள். வண்டியில் ஏற்றினவருக்கும் தெரிந்திருக்கிறது.

தராசு கத்தினார். "அப்ப ஒருத்தர்கூட ஏன்யா சொல்லல?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "சொன்னா, ஜன்னல்கிட்ட உனக்கென்ன வேலைன்னு கேப்பீங்களே சார்."

 தராசு மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். என்னை எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. உருண்டை பக்கத்தில் கையை விரித்துத் தூங்குகிறாள்.

போன கடிதத்தில் உன் செய்முறையில் சிவப்பு தூக்கல் என்று எழுதினேன் அல்லவா, அதை எழுதும்போது எனக்குப் பதில் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை.

வாத்து


மார்ச் 17

அடி வாத்து,

இனி தேவையில்லை என்று என் விளக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் வேலை போனது வேன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். கேட்டில் அட்டையை வாங்கும்போது அந்த வாட்ச்மேன் உன் முகத்தைப் பார்க்கவில்லையாமே. லேப் இங்கே மட்டும்தான் இனி. அது உன் ஒப்புதலாலா, முன்னாலேயே முடிவானதா என்று தராசைக் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். அந்த மனுஷனுக்கே தெரியாது.

உன் கடிதத்தைப் படித்தபிறகும் கோபம் தீரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். நீ கெட்டவள் என்று கோபமில்லை. அந்த முயல் பல்லையும் தலைவலியையும் எழுதினாயே, நடுவில் என் தலையை வைத்து, அதை நினைத்தால் எரிகிறது. தீருகிறபோது தீரட்டும்.

இப்போது வேலை. உங்கள் யூனிட்டுக்கும் செய்முறை இனி இங்கிருந்து. இந்த வாரம் போட்டது எதுவும் அங்கே சரியாக வரவில்லை. மங்கிப்போகிறது, ஊதாவாகிறது. தாளில் தப்பில்லை, உங்கள் யூனிட் கிணற்றுத் தண்ணீரில் என்னவோ இருக்கிறது. அதை நீ எப்படிச் சமாளித்தாய் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படியே போனால் அடுத்து உலர்த்துகிற மாமாவையும் மடிப்பு அக்காவையும்தான் குறை சொல்லி அனுப்புவார்கள்.

கேட்க எனக்கு உரிமையில்லை. உன்னை அனுப்பிவிட்டு உன்னிடமே கேட்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. முடியாது என்று எழுதினாலும் சரிதான்.

கொக்கு

பின்குறிப்பு: உருண்டைக்கு ஒரு துண்டுத் துணி அனுப்பியிருக்கிறேன். கிளிப்பச்சை. கடித்தால் சாயம் போகாது, நானே சோதித்தேன்.


மார்ச் 19, காலை பதினோரு மணி

அடி கொக்கு,

தேதிக்குப் பக்கத்தில் காலை என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. இந்நேரத்துக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. வாசற்படியில் இருக்கிறேன். உருண்டை கிளிப்பச்சையை மென்றுகொண்டிருக்கிறாள். சாயம் போகவில்லை.

உன் கடிதத்தை இவர் படித்தார். "குடுத்துடாத" என்றார். "ரெண்டு மாசம் துணி கெட்டுப்போகட்டும். தானா தேடி வருவாங்க." அவர் சொன்னது தப்பில்லை. நேற்றெல்லாம் நானும் அதையேதான் நினைத்தேன். உங்கள் ஸ்டோர்காரர் லேபிளைக் கிழித்த கதைக்கு நான் எப்படிச் சிரித்தேன் என்று ஞாபகம் வந்தது. நானும் ஒரு டப்பா லேபிளைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பயம் போகவில்லை. காலையில் எழுந்ததும் கிளம்ப வேண்டுமே என்று பதறி, கிளம்ப வேண்டாமே என்று அதைவிடப் பதறுகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துக்கடையில் ஆள் வேண்டுமாம். போய்க் கேட்கப் போகிறேன்.

சரி, எழுதிக்கொள்:

கிணற்றுத் தண்ணீர் உப்பு. சாயத்தைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரை இளக்குகிற தூளைப் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, பிறகுதான் நிறம். நேராகப் போட்டால் மங்கும். வெயில் காலம் ஆரம்பித்ததும் கிணறு இறங்கும், உப்பு ஏறும். அப்போது தூளைக் கூட்டு, சிவப்பை ஒரு நகக்கண் அளவு குறை. மழை பெய்த மறுநாள் எதையும் நம்பாதே, ஒரு சின்னத் துண்டு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டி. சாம்பலும் நீலமும் கலந்த எதுவாக இருந்தாலும் மாமாவிடம் கொடுத்து ஜன்னல் பக்கம் காட்டச் சொல். அவர் கண் நல்ல கண். என்ன வேலை என்று கேட்க மாட்டேன் என்று முதலிலேயே அவருக்குச் சொல்லிவிடு.

வேன் அண்ணன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறார். இந்த வழி அவருக்குச் சுற்று. இருந்தும் வருகிறார்.

வாத்து